இருபத்தைந்து கலியமூர்த்தி

ஸ்ரீநாத்துக்கு எதைப் பார்த்தாலும் அதன் உயரம் தெரிந்தாக வேண்டும். கல்யாண மண்டபத்தில் எல்லாரும் பந்திக்கு இடம் பிடிக்க ஓடும்போது அவன் மட்டும் அண்ணாந்து கூரையைப் பார்த்து நிற்பான். கோபுரம், செல்போன் டவர், மெட்ரோ தூண் எதையும் விடமாட்டான். கண்ணைச் சுருக்கி, கட்டைவிரலை நீட்டி, வாய்க்குள் ஏதோ பெருக்கி ஒரு எண்ணைச் சொல்வான். கேட்டவர்கள் யாரும் ஏணி வைத்துச் சரிபார்க்கப் போவதில்லை என்பதால் அவன் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்து வந்தது.

பிழைப்புக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிக்கும் வேலை. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். பருத்திப்பட்டில் கடன் போட்டு ஒரு ஃப்ளாட் வாங்கியிருந்தான். இதெல்லாம் வயிற்றுக்கு. மனசு முழுக்க ரோலர் கோஸ்டர்தான். எந்த ஊரில் எந்த ராட்சத ராட்டினம் எத்தனை அடி, எத்தனை வேகம், எந்த வளைவில் குடல் வாய்க்கு வரும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. 'ராட்டினப் பைத்தியம்' என்று ஒரு யூடியூப் சேனல் வைத்து இதையே பேசிக்கொண்டிருந்தான். பெயர் பொருத்தம் என்று அவன் மனைவி ஸ்வாதி சொல்லுவாள். முதலில் ஒன்றிரண்டு வீடியோ பார்த்தாள். அப்புறம் அந்தத் தண்டனையிலிருந்து தன்னை விடுவித்துக்கொண்டாள்.

திருமழிசையைத் தாண்டி, குத்தம்பாக்கம் பஸ் நிலையத்துக்கு அந்தப் பக்கம், 'கும்மாளம்' என்று ஒரு பொழுதுபோக்குப் பூங்கா எழும்ப ஆரம்பித்ததும் ஸ்ரீநாத்துக்குத் தூக்கம் போயிற்று. நெடுஞ்சாலையை நோக்கிப் பெரிய போர்டு வைத்திருந்தார்கள். 'சண்டமாருதம்! நூற்று நாற்பது அடி உயரம்! மணிக்குத் தொண்ணூற்றைந்து கிலோமீட்டர் வேகம்!' ஞாயிறு தவறாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய் சர்வீஸ் ரோட்டில் நின்று பார்ப்பான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோணமானியில் நூலும் நட்டும் கட்டி அளந்தும் பார்த்தான். ஆனால் சுற்றிலும் தகரம் அடித்திருந்தார்கள். உள்ளே மண் கொட்டித் தரையை எவ்வளவு உயர்த்தியிருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அடி தெரியாமல் உயரத்தை எப்படிச் சொல்வது? ராட்டினத்தின் அடிப்பக்கம் தகரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

இந்த இடத்தில்தான் கலியமூர்த்தி வருகிறார்.

கலியமூர்த்தி, ஸ்வாதியின் அண்ணன். அவளைவிடப் பதினைந்து வயது பெரியவர். அப்பா தட்சிணாமூர்த்தி ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில்தான் இருவரும் வளர்ந்தார்கள். அப்பா ஓய்வு பெறுவதற்குள் போய்விட, குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். அப்பாவைப் போல ஒரு நிரந்தர வேலை என்பது கலியமூர்த்திக்குக் கடைசி வரை கையில் சிக்கவில்லை. இங்கே ஆறு மாதம், அங்கே ஒரு வருடம் என்று கான்ட்ராக்ட்டிலேயே தலை நரைத்துவிட்டது. அதற்குள்ளேயே தங்கையைப் படிக்கவைத்து, ஐடி மாப்பிள்ளையாகப் பார்த்துக் கட்டிக்கொடுத்தார். இப்போது கும்மாளத்தில் கிரேனுக்குக் கொடி காட்டும் வேலை. மேலே ஆட்டிக்கொண்டு போகும் இரும்புத் துண்டை எங்கே நிறுத்துவது, எப்போது இறக்குவது என்று கீழே நின்று சிவப்பும் பச்சையுமாகக் கொடி அசைத்துச் சொல்ல வேண்டும். பூங்கா திறந்ததும் கட்டுமான ஆட்களில் சிலரை ராட்டினப் பராமரிப்புக்கு நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அதில் முதல் பெயர் கலியமூர்த்தியுடையது என்று சைட் அதிகாரி ஜெயராமனே வாயால் சொல்லியிருந்தார். நாற்பத்தைந்து வயதில் முதல் முறையாக மாதச் சம்பளம், பி.எஃப்., லீவு. அவர் மனைவி பார்வதம் அதைப் பற்றிப் பேசாத நாளே இல்லை.

மாப்பிள்ளை என்றால் கலியமூர்த்திக்கு அப்படி ஒரு மரியாதை. பருத்திப்பட்டு வீட்டுக்கு வந்தால் சோபாவில் உட்கார மாட்டார். "இருக்கட்டும் மாப்ள" என்று கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஸ்ரீநாத் ஏதாவது சொன்னால், அது மழை வரும் போலிருக்கிறது என்ற சமாசாரமாக இருந்தாலும், முன்னால் வளைந்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொள்வார். பெண்ணைக் கொடுத்த வீட்டு ஆண் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ. உட்காருங்கள் மச்சான் என்று ஸ்ரீநாத் ஒவ்வொரு முறையும் சொல்லுவான். அவர் உட்காராதது அவனுக்குப் பிடித்தும் இருந்தது. ஆபீசில் இருபத்தைந்து வயசுப் பிள்ளைகள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டிலாவது ஒரு ஆள் தனக்கு முன்னால் கை கட்டி நிற்பது ஆறுதலாக இருந்தது.

சண்டமாருதத்தின் உச்சித் தண்டவாளத்தை ஏற்றி முடித்த அன்று கலியமூர்த்தி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். எடுத்தது கூட வேலை பார்க்கும் அவர் கூட்டாளி, சின்னப்பையன் என்று பெயர். முழு ராட்டினமும் விழ வேண்டும் என்று மைதானத்தின் அந்தக் கோடி வரை நடந்து போய் எடுத்திருந்தான். நடுவே வானத்துக்குப் போகும் பெரிய தூண். அதன் அடியில், தூணோடு தூணாக ஒட்டி, இரண்டு கையிலும் கொடியோடு கலியமூர்த்தி. சைட்டுக்குள் போட்டோ எடுக்கக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு இருந்தது. ஆனாலும் அன்றைக்கு அவருக்கு மனசு கேட்கவில்லை. தங்கைக்கு மட்டும் அனுப்பினார். யாருக்கும் காட்டாதே, மாப்பிள்ளைக்கு மட்டும் காட்டு, அவருக்கு இதிலெல்லாம் இஷ்டம் என்று சொல்லியனுப்பினார்.

ஸ்வாதி காட்டினாள். ஸ்ரீநாத் போனை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனான். அவன் தேடிக்கொண்டிருந்த அடி அதில் இருந்தது. அளவுகோலும் அதிலேயே நின்றுகொண்டிருந்தது.

அவள் குளிக்கப் போனதும் அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டான். கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, ஹெல்மெட்டைக் கழித்துவிட்டு, கலியமூர்த்தியை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினான். சரியாக இருபத்தைந்து கலியமூர்த்தி நின்றால் உச்சியைத் தொட்டது. திரும்பத் திரும்ப அடுக்கிப் பார்த்தான், இருபத்தைந்துதான். இனி ஒரு கலியமூர்த்தி எத்தனை அடி என்று தெரிந்தால் போதும். போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டி வரும். தேவையும் இல்லை என்று நினைத்தான். எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறானே. தான் ஐந்தடி எட்டு. மச்சான் தன் மூக்குக்கு வருவார். ஐந்தடி மூன்று, அதற்கு மேல் கிடையாது. பெருக்கினான். நூற்று முப்பத்தொரு அடி.

நூற்று நாற்பது என்று போர்டு வைத்திருக்கிறார்கள். ஸ்ரீநாத் நாற்காலியிலிருந்து எழுந்து அறைக்குள்ளேயே நடந்தான்.

அன்று மாலையே வீடியோ போட்டுவிட்டான். 'ஒன்பது அடியைக் காணோம்' என்று தலைப்பு. உயரம் குறைந்தால் வேகமும் குறையும், தொண்ணூற்றைந்து என்பது சும்மா, தொண்ணூற்றிரண்டைத் தாண்டாது என்று கணக்குப் போட்டுக் காட்டினான். தூணடியில் நிற்கும் ஆளைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டு, "இவர் ஐந்தடி மூணு, இதை நான் அடிச்சு சொல்றேன், ஏன்னா இவரை எனக்கு நேர்ல தெரியும்" என்று பேசினான். மச்சானைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்கிற புத்தி மட்டும் இருந்தது. முகத்தின் மேல் ஒரு மஞ்சள் சிரிப்புப் பொம்மையை ஒட்டினான். கையில் இருந்த இரண்டு கொடிகள் அவன் கண்ணில் படவே இல்லை. அந்த சைட்டில் கொடி பிடிக்கும் ஆள் ஒரே ஒருவர்தான்.

வீடியோ பிய்த்துக்கொண்டு போனது. அவன் அதுவரை பேசியதையெல்லாம் கூட்டினாலும் இதில் பாதி பேர் பார்த்திருக்கவில்லை. ஒன்பது அடி என்பதே ஒரு கேலிப் பேச்சாகிவிட்டது. பூந்தமல்லியில் ஒரு பிரியாணிக் கடையில், பீஸ் குறைவாக இருக்கிறது என்று ஒருவர், "இன்னா பாய், இதுலயும் ஒம்போது அடியா?" என்று கேட்டதை ஸ்ரீநாத் தன் காதால் கேட்டான். பார்சலை வாங்கிக்கொண்டு சிரித்தபடியே வீட்டுக்கு வந்தான்.

அடுத்த சனிக்கிழமை காலையில் பார்வதம் போன் செய்தாள். ஸ்வாதி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பேசினாள். பேசப் பேச நறுக்குவது நின்றது. ஸ்ரீநாத் ஹாலில் உட்கார்ந்து வீடியோவுக்கு வந்த பாராட்டுகளுக்கு நன்றி போட்டுக்கொண்டிருந்தான்.

போனை வைத்துவிட்டு அவள் வந்து சொன்னாள். அண்ணனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜெயராமன் கூப்பிட்டுத் தன் போனில் ஒரு படத்தைக் காட்டி, இது யார் கையில் இருக்கும் கொடி என்று கேட்டிருக்கிறார். அண்ணன் மறுக்கவில்லை. பூங்காவின் மானம் கப்பலேறிவிட்டது என்று முதலாளி குதிக்கிறாராம். இனிமேல் அந்த வாசலையே மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நிரந்தர வேலை, அது இது எல்லாம் போச்சு. அதோடு முடியவில்லை. தங்கை வீட்டிலிருந்து போயிருக்காது, எடுத்த சின்னப்பையன்தான் படத்தை வெளியே விட்டிருக்கிறான் என்று அண்ணன் முடிவு கட்டி, நேராக அவன் வீட்டுக்குப் போய், அவன் பெண்டாட்டி எதிரிலேயே அவனை அடித்திருக்கிறார். குவார்ட்டர்ஸில் ஒன்றாக வளர்ந்தவர்கள். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

சொல்லி முடித்துவிட்டு ஸ்வாதி அவனையே பார்த்தாள். 

"அந்தப் படம் என் போன்லதானே இருந்துச்சு?" என்றாள்.

 அவள் போனை எடுத்து, பல மாதங்களுக்குப் பிறகு, ராட்டினப் பைத்தியத்தைத் திறந்து பார்த்தாள். தன் அண்ணன் முகத்தில் மஞ்சள் பொம்மை சிரித்துக்கொண்டிருப்பதை முழுசாகப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் அவனும் பதிலுக்கு ஏதாவது கத்திச் சமாளித்திருப்பான். அவள் திரும்பப் போய் பீன்ஸை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

சொல்கிறேன் என்று சொன்னானே தவிர, போகவில்லை. முதலில் வீடியோவை எடுத்தான். அதற்குள் ஊரெல்லாம் அதைப் பிரதி எடுத்துப் போட்டிருந்தது. இவன் பெயர் இல்லாத பிரதிகள்கூட சுற்றின. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றான், அன்றைக்குத் தலைவலி வந்தது. திங்கட்கிழமை ஆபீஸ் மீட்டிங் வந்தது. ஸ்வாதி எதுவும் கேட்கவில்லை. சாப்பாடு போட்டாள், தண்ணீர் வைத்தாள், அவன் பேசினால் பதில் சொன்னாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.  அன்று மாலை கலியமூர்த்தி எண்ணிலிருந்து போன் வந்தது. செய்தி தெரிந்தால் மாப்பிள்ளை சங்கடப்படுவாரே என்று, தான் நன்றாக இருப்பதாகச் சொல்லத்தான் கூப்பிட்டார். வேற வேலை கிடைச்சுரும் மாப்ள, ஸ்வாதிய கவலப்பட வேணாம்னு சொல்லுங்க என்றார். அவன் சரி மச்சான் என்று சொல்லிவிட்டு வைத்தான்.

இதற்கு நடுவில் பூங்காக்காரர்களே ஒரு வீடியோ போட்டார்கள். சண்டமாருதத்தின் உச்சியிலிருந்து தரை வரை அளவு டேப்பை விட்டு, கேமராவைக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினார்கள். நூற்று நாற்பது அடி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நேற்று வரை ஸ்ரீநாத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவர்கள் இன்று அவனைக் கிழி கிழியென்று கிழித்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மனுஷன் என்ன செய்தான் தெரியுமா? ஒரு குடும்பத்தின் வேலை போயிருக்கிறது, இரண்டு சிநேகிதர்கள் பிரிந்திருக்கிறார்கள், பெண்டாட்டி முகம் கொடுக்கவில்லை. இவன் கம்ப்யூட்டரைத் திறந்து மறுபடி கலியமூர்த்தியை அடுக்க உட்கார்ந்தான். இருபத்தைந்து. மறுபடியும் இருபத்தைந்து. அடுக்கியது சரி, பெருக்கியது சரி, ஒன்பது அடி எப்படித் தப்பியது? மச்சானின் படத்தை அங்குலம் அங்குலமாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தான் செய்துகொண்டிருப்பது அவனுக்கே உறைத்தது. தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. மூடி வைத்துவிட்டு, ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, குத்தம்பாக்கத்துக்கு வண்டியை விட்டான்.

ஜெயராமன் உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே, தகரத்தின் நிழலில் வந்து நின்று கேட்டுக்கொண்டார். கோபக்காரராகத் தெரியவில்லை, களைத்தவராகத் தெரிந்தார். படத்தைத் திருடிப் போட்டது நான், அவருக்குத் தெரியவே தெரியாது, மன்னிப்புக் கேட்டு வீடியோ போடுகிறேன், அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஸ்ரீநாத் கெஞ்சினான். போட்டோ எடுத்ததே தப்பு சார், அதில் நான் ஒன்றும் செய்ய முடியாது, அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்தாயிற்று என்றார் ஜெயராமன். கிளம்பும்போது மட்டும் நின்று சொன்னார்.

"அவரை நேர்ல தெரியும்னு வீடியோவுல சொன்னீங்களே சார். ஒரு வார்த்தை அவர்கிட்ட கேட்டிருக்கலாமே."

அங்கிருந்து நேராக ஆவடிக்குப் போனான். இனி தள்ளிப்போட எதுவும் மிச்சமில்லை.

கலியமூர்த்தி வீட்டில் இருந்தார். வேலை நாளில் பகலில் அவர் வீட்டில் இருப்பதைப் பார்க்கவே ஸ்ரீநாத்துக்குத் தாங்கவில்லை. மாப்பிள்ளையைக் கண்டதும் அவசரமாகச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இருந்த ஒரே நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். பார்வதம் குடிக்கக் கலர் வாங்கிவர எழுந்தாள். ஒன்றும் வேண்டாம் என்று அவளையும் இருக்கச் சொன்னான். நாற்காலியில் உட்காரவில்லை. அவன் நின்றதால் கலியமூர்த்தியும் எதிரில் கையைக் கட்டி, லேசாக வளைந்து, என்ன சொல்லப் போகிறார் என்று தலையைச் சாய்த்து நின்றார்.

யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "மச்சான், அந்தப் படத்தைப் போட்டது நான்தான்" என்றான்.

அவருக்கு உடனே புரியவில்லை. "எந்தப் படம் மாப்ள?"

"நீங்க ஸ்வாதிக்கு அனுப்பினது. அவ போன்லேர்ந்து எடுத்தேன். அவளுக்குத் தெரியாது. உங்க முகத்தை மறைச்சுட்டா போதும்னு நினைச்சேன்."

பார்வதம் வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். கலியமூர்த்தி அவளைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார்.

"அப்போ சின்னப்பையன் இல்லியா?"

"இல்ல மச்சான்."

"அவன் பொண்டாட்டி பாத்துகினு இருந்தா மாப்ள. அவன் தடுக்கக்கூட இல்ல. நான் இல்லடா, நான் இல்லடான்னு மட்டும் சொல்லிகினே இருந்தான்."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கட்டியிருந்த கை பிரிந்தது. முதுகு நிமிர்ந்தது, கழுத்து நிமிர்ந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஸ்ரீநாத் பார்த்திராத ஒரு ஆள் எதிரில் நின்றார். அவர் கண் அவன் கண்ணுக்கு நேராக இருந்தது. உயரத்தில் இரண்டு பேருக்கும் ஒரு அங்குலம் வித்தியாசம் இருந்தால் அதிகம்.

ஒன்பது அடி எங்கே போனது என்று அந்த நிமிஷம் ஸ்ரீநாத்துக்குத் தெரிந்தது. வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தும் மனசு பெருக்கிவிட்டது. ஐந்தடி ஏழு, இருபத்தைந்து முறை, நூற்று நாற்பது. தூணடியில் நின்றபோது இந்த மனிதர் இப்படித்தான் நிமிர்ந்து நின்றிருந்தார். அங்கே அவர் யாருக்கும் வளைய வேண்டியிருக்கவில்லை. தன் எதிரில் நின்றதை மட்டும் வைத்து அவரை இவ்வளவுதான் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறான்.  அறைந்துவிட மாட்டாரா என்று இருந்தது.

அவர் அறையவில்லை. ஆணியில் மாட்டியிருந்த பைக் சாவியை எடுத்தார். "வாங்க" என்றார். மாப்ள என்று சொல்லவில்லை.

சின்னப்பையன் வீடு அதிக தூரம் இல்லை.  பின்னால் உட்கார்ந்திருந்த ஸ்ரீநாத், அங்கே போய்ச் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒரு தடவை சொல்லியாயிற்று, இன்னொரு தடவை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இருக்காது என்று நினைத்தான்.

கதவைத் திறந்த சின்னப்பையனின் இடது கண்ணுக்குக் கீழே இன்னும் கன்றியிருந்தது. கலியமூர்த்தியைப் பார்த்ததும் அவன் பெண்டாட்டி உள்ளேயிருந்து எழுந்து வந்து அவன் பின்னால் நின்றாள். ஸ்ரீநாத் ஒரு அடி முன்னால் வைத்தான். கலியமூர்த்தி கையை நீட்டி அவனை நிறுத்தினார்.

"தப்பு என்னுதுடா" என்றார். "மாப்ளைக்கு அந்தப் படத்த நான்தான் அனுப்பிச்சேன். நல்லா கீது, போடுங்கன்னு நான்தான் சொன்னேன். அத்த மறந்துகினு உன் மேல கைய வெச்சுட்டேன்."

ஸ்ரீநாத் வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. அல்லது வர விடவில்லை. எது என்று அவனுக்கே தெரியாது.

சின்னப்பையன் நம்ப முடியாமல் பார்த்தான். "மறந்துட்டியா? நீயே அனுப்பிட்டு, நீயே மறந்துட்டு, என் ஊட்டு வாசல்ல வந்து என்னை அடிச்சே. தெரு பூரா பாத்துச்சு. நான் வெளில தல காட்டி நாலஞ்சு நாளாச்சு." கதவைப் பிடித்தான். "நீ இன்னா மனுசன்டா? போ. இனிமே இந்தப் பக்கம் வராதே."

கதவு சாத்தப்பட்டது. கலியமூர்த்தி சிறிது நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு பைக்கிடம் போனார்.

ஸ்ரீநாத் பின்னாலேயே ஓடினான். ஏன் மச்சான் அப்படிச் சொன்னீர்கள், நான் சொல்லத்தானே வந்தேன் என்று கேட்டான். அவர் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

"வெளி ஆளுங்க எதிர்ல எங்க ஊட்டு மாப்ள திருடன்னு பேரு வாங்கக் கூடாது. நாளைக்கு என் தங்கச்சியத்தான் பேசுவாங்க" என்றார். "ஏறுங்க."

ஏறி உட்கார்ந்தால் போதும். எல்லாம் முடிந்துவிடும். சொல்ல வேண்டியதைச் சொல்லப் போனேன், அவர்தான் விடவில்லை என்று ஸ்வாதியிடமும் சொல்லலாம், அது பொய்யும் ஆகாது. அவள் மறுபடி முகம் பார்த்துப் பேசுவாள். இவருக்கு வேலையும் இல்லை, சின்ன வயசுக் கூட்டாளியும் இல்லை. கேட்பதற்கு யாரும் வரப்போவதில்லை. ஸ்ரீநாத் ஒரு காலை வண்டியின் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்தான். இவ்வளவு கேவலமாக நம்மால் யோசிக்க முடிகிறதே என்று பயமாக இருந்தது. காலை எடுத்தான். திரும்பிப் போய்க் கதவைத் தட்டினான்.

பின்னால் கலியமூர்த்தி, "மாப்ள, வேணாம்" என்று கூப்பிட்டார். அவன் நிற்கவில்லை. விடாமல் தட்டினான்.

சின்னப்பையன் கதவைத் திறந்தான். "இன்னா சார்?"

"அவர் சொன்னது பொய். அவர் எனக்கு அனுப்பவே இல்ல. என் பொண்டாட்டி போன்லேர்ந்து நான் திருடினேன். இன்னைக்கு நான் வந்து சொல்ற வரைக்கும் அவருக்கு எதுவும் தெரியாது. நான் முதல் நாளே சொல்லியிருந்தா அவர் அன்னைக்கே உங்ககிட்ட வந்திருப்பார். சொல்லாம இருந்தேன்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.  பக்கத்து வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது. சின்னப்பையன் அவனைத் திட்டவில்லை, அவனைப் பார்க்கவே இல்லை. அவன் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தான். அங்கே கலியமூர்த்தி வண்டியை அணைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அப்பறம் இன்னாத்துக்குடா என்கிட்ட பொய் சொன்னே?"

கலியமூர்த்தி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தங்கச்சி புருசன்டா" என்றார்.

சின்னப்பையன் கன்னத்தைத் தடவிக்கொண்டான். பின்னால் நின்ற பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். அவள் உள்ளே போய்ப் பாயை விரித்தாள்.

"உள்ள வாடா" என்றான்.

கலியமூர்த்தி செருப்பை விட்டுவிட்டு, ஸ்ரீநாத்தைத் தாண்டி உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது. உள்ளே யாரோ அழுவதும், யாரோ அதட்டுவதும், டம்ளர் வைக்கும் சத்தமும் கேட்டன. ஸ்ரீநாத்தை யாரும் கூப்பிடவில்லை. அவன் வெயிலில் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.